தூக்கி எறிந்த போத்தலும் வைத்துக்கொண்ட போத்தலும்: ஒரு பிக்லீஸ் விசாரணை

ஜனவரி முதலாம் திகதி, மதியம் ஒரு மணி இருக்கும். கீழ் வீட்டு மேசையில் ஜூமு என்கிற பூசணி சூப் ஆவி பறக்க இருக்கிறது. பக்கத்தில் பொரித்த பன்றியிறைச்சியான கிரியோ, தட்டித் தட்டி இரண்டு தரம் பொரித்த வாழைக்காய். நான் கொண்டுபோன ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலை நடுவில் வைத்து மூடியைத் திருகினேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல 'புஸ்' என்றது. மேலே மிதந்த கோவா (முட்டைக்கோஸ்) துண்டுகளில் வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரி மத்தாந்த் குனிந்து மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திரும்பப் பூட்டிப் போத்தலைக் குசினித் தொட்டியடியில் கொண்டுபோய் வைத்தார். பிறகு தன்னுடைய பழைய மயோனைஸ் போத்தலை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்தார். அதில் இருந்தது அவர் போட்ட பிக்லீஸ், ஹெயிட்டிக்காரரின் வினாகிரி ஊறுகாய்.

பதினாறு நாளுக்கு முன்னர் நான் இரண்டு போத்தல் போட்டிருந்தேன். ஒன்று கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி எறிந்தேன். நல்லது என்று நம்பி வைத்துக்கொண்டதுதான் மேசையில் மானத்தை வாங்கியது. எறிந்ததுதான் நல்ல போத்தல் என்பது ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது. எங்கே பிழைத்தது என்று தேடிய கதை இது.

முதலில் ஆளையும் பொருளையும் சொல்லிவிடுகிறேன். மத்தாந்த் என்றால் ஹெயிட்டியின் கிரியோல் மொழியில் பெரியம்மா, சின்னம்மா, மாமி எல்லாம் சேர்ந்த ஒரு சொல். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்குக் கீழே இருக்கிறார். பிரான்சுவா டுவாலியேயின் ஆட்சிக்குத் தப்பி 1960-களில் ஹெயிட்டியின் மருத்துவர்களும் ஆசிரியர்களும் கியூபெக்குக்கு வரத் தொடங்கினார்கள். பிரெஞ்சு பேசுகிற ஊர் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. பின்னால் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. 1983-க்குப் பிறகு நாங்களும் வந்து சேர்ந்தோம். இரண்டு பக்கமும் நாட்டை விட்டு ஓடி வந்த சனம் என்பதால் அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. சமையலைப் பற்றித்தான் கதைப்போம்.

பிக்லீஸ் என்பது மெல்லியதாக அரிந்த கோவா, கரட், வெங்காயம், குடமிளகாய் ஆகியவற்றைப் பொல்லாத உறைப்பு மிளகாயோடு வினாகிரியில் ஊறப்போட்டது. முட்டைக்கோஸ் என்று தமிழ்நாட்டில் சொல்வதைத்தான் நாங்கள் கோவா என்கிறோம். ஹெயிட்டியில் எண்ணெயில் பொரித்த எதோடும் இது வரும். கிரியோ, ஆட்டிறைச்சி வறுத்த தாசோ, மலாங்காக் கிழங்கைத் துருவிப் பொரித்த அக்ரா, தெருவோரச் சட்டிகளில் பொரித்து விற்கும் ஃப்ரிதாய் என்று பட்டியல் நீளும். ஒரு முள்ளுக்கரண்டி அளவு போதும். கொழுப்பை வினாகிரி வெட்டும், உறைப்பு நாக்கை எழுப்பும். அடியில் நிற்கும் தண்ணியையும் விடமாட்டார்கள், சோற்றின்மேல் தெளிப்பார்கள்.

வெயில் தீவில் கோவா எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மத்தாந்துக்குச் சிரிப்பு. அவர் பிறந்தது கென்ஸ்கோஃப் பக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேலே, பெத்தியோன்வில்லைத் தாண்டி ஏறினால் வரும் மலைக்காடு அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிர் இருப்பதால் கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் அங்கே விளையும். அதை மூட்டை கட்டி நகரச் சந்தைக்குக் கொண்டுபோகிற பெண்களுக்கு மதான் சாரா என்று பெயர். கூட்டமாகச் சேர்ந்து ஓயாமல் கத்துகிற ஒரு குருவியின் பெயரும் அதுதான். மிளகாய் மட்டும் தீவுக்கே உரியது. கொலம்பஸ் 1492-இல் வந்து இறங்க முன்னரே தாயினோ மக்கள் அதைப் பயிரிட்டார்கள். கோவாவும் கரட்டும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. கராம்பு எங்கள் பக்கத்துக் கடல் தாண்டிப் போனது. அந்தப் போத்தலுக்குள் மூன்று கண்டம் ஊறுகிறது.

ஜனவரி 1-ஐயும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் அவமானத்தின் கனம் விளங்காது. 1804-ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஹெயிட்டி பிரான்ஸிடமிருந்து விடுதலையை அறிவித்தது. அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே சமைத்தும் வாயில் வைக்க விடாத சூப் ஜூமு. விடுதலை நாளில் அதை எல்லாரும் குடிப்பது வழக்கமாயிற்று. 2021-இல் யுனெஸ்கோவும் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட நாளில்தான் நான் பொங்கி வழியும் போத்தலோடு போய் நின்றேன்.

இனி டிசம்பர் 16-க்குப் போவோம்.

மத்தாந்த் எனக்குச் சொல்லித் தந்தது வாயால் மட்டும்தான், அளவு ஒன்றும் இல்லை. ஆனால் கையைப் பார்த்தேன். கோவாவை அவர் துருவுவதில்லை. கால்வாசியாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட்டு, பலகையில் கவிழ்த்துக் கத்தியால் நூல் நூலாக இறக்குவார். கரட் மட்டும் துருவியின் பெரிய கண்ணில் போகும். மிளகாய்க்கு ஹெயிட்டியில் பிமான் பூக், ஆட்டு மிளகாய் என்று பெயர். இங்கே கடையில் கிடைக்கும் ஸ்கொட்ச் பொனட் அதன் இனம்தான். கொழும்பில் சிங்களவர் 'நை மிரிஸ்' என்பதும் இந்த இனம் என்பதால் அதன் மணம் எனக்குப் புதிதல்ல. மாம்பழமும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல இருக்கும். அதை வட்டமாக அரிந்து போட்டார். மேலே சின்ன வெங்காயம், உள்ளி இரண்டு பல்லு, கராம்பு ஆறேழு, முழு மிளகு, தைம் இலை, உப்பு. எல்லாவற்றையும் போத்தலுக்குள் திணித்துக் கரண்டிப் பிடியால் அமுக்கி, வினாகிரியை மேலே வரும்வரை ஊற்றினார்.

"வினேக் மேலே நிற்கவேண்டும், பிதித் முவென். காய் தலை நீட்டக்கூடாது."

பிதித் முவென் என்றால் 'என் பிள்ளை'.

வீட்டுக்கு வந்து முதல் போத்தலை அவர் சொன்னபடியே போட்டேன். 5 சதவீத வெள்ளை வினாகிரி, பச்சையாக, தண்ணீர் கலக்காமல். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன், தொண்டை வரை எரிந்தது. இதை யார் தின்பார்கள் என்று நினைத்ததில்தான் தொடங்கியது வினை. இரண்டாவது போத்தலுக்கு மூன்றில் ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணீர், கொஞ்சம் சீனி. அதோடு விடாமல், கொதிக்க வைத்து ஊற்றினால் கிருமி சாகும் என்ற பழைய அறிவையும் சேர்த்து, குமிழி பறக்க ஊற்றினேன். இரண்டையும் குசினி மேசையில் வைத்தேன். மத்தாந்த் வீட்டில் அது எப்போதும் மேசையில்தான் நிற்கும்.

அடுத்த நாள் இரண்டு போத்தலிலும் தண்ணி மட்டம் ஏறியிருந்தது. இதைக் கண்டும் நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் முதல் போத்தலில் உள்ளித் துண்டுகள் ஒரு மாதிரி நிறம் மாறின. நாலாம் நாள் அவை பச்சையும் நீலமும் கலந்து, செப்புப் பாத்திரத்தில் களிம்பு பிடித்ததுபோல இருந்தன. அம்மாவுக்கு வட்ஸப்பில் காட்டினேன்.

"ஐயோ, அது நஞ்சேறிப் போச்சு பிள்ளை. எறி உடனே."

"மற்றப் போத்தல் நல்லாத்தான் இருக்கம்மா. இஞ்ச பாருங்கோ."

"அதுவும் எத்தின நாளைக்கு? எண்ணெய் விடேல்லை, வெயிலில வைக்கேல்லை. ஊறுகாய் எண்டு எந்த நம்பிக்கையில சொல்லுறாய்?"

எறிந்தேன். கோவா இன்னும் பல்லில் கடிபட மொறுமொறுவென்று இருந்தது, வாசம் மூக்கைத் துளைத்தது. இருந்தும் எறிந்தேன். கண் சொன்னதை நம்பினேன், மூக்கு சொன்னதைக் கேட்கவில்லை. தெளிவாக, அழகாக இருந்த இரண்டாவது போத்தலை புதுவருடத்துக்கென்று பத்திரப்படுத்தினேன்.

உள்ளிக்கு என்ன நடந்தது என்பதை முதலில் முடிக்கிறேன். உள்ளியில் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. வெட்டும்போது அதிலுள்ள ஒரு நொதி அவற்றை உடைக்கும். உடைந்தவை உள்ளியின் அமினோ அமிலங்களோடு சேர்ந்தால், அமிலச் சூழலில் பச்சை, நீல நிறமிகள் உருவாகும். குளிரில் நாள்கணக்காக இருந்த உள்ளியில் இது இன்னும் அதிகமாக நடக்கும். என்னுடையது ஃப்ரிஜ்ஜில் ஒரு மாதம் கிடந்த உள்ளி. இதனால் உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்லை. வட சீனத்தில் உள்ளியை வினாகிரியில் போட்டு மரகதம்போல் பச்சையாக்கி, லாபா உள்ளி என்று பேர் வைத்து, வேண்டுமென்றே செய்து சாப்பிடுகிறார்கள். இரண்டாவது போத்தலில் ஏன் நிறம் மாறவில்லை? கொதிக்கிற தண்ணியில் அந்த நொதி செத்திருக்கும், அமிலமும் போதாது. அதாவது நான் நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டது உண்மையில் பலவீனத்தின் அடையாளம்.

அந்தப் போத்தல் பொங்கியதற்கு விடை அடுத்த நாள் ஏறிய தண்ணி மட்டத்தில் இருந்தது. கோவாவின் நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், கரட்டும் ஏறக்குறைய அப்படித்தான். உப்பும் அமிலமும் பட்டவுடன் அது வெளியே வரும், வெளியே இருக்கிற அமிலம் காய்க்குள் போகும். சில நாளில் உள்ளும் புறமும் ஒரே புளிப்பாகும். ஆக, போத்தலின் உண்மையான அமில அளவைத் தீர்மானிப்பது நாங்கள் ஊற்றியது மட்டும் இல்லை, காய்க்குள் ஒளிந்திருக்கிற தண்ணீரும் சேர்ந்துதான்.

பழைய கொப்பியின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது. ஒரு போத்தலில் காய் 500 கிராம், அதற்குள் தண்ணீர் சுமார் 450 மி.லி. ஊற்றியது 400 மி.லி. முதல் போத்தலில் அந்த 400-உம் 5 சதவீத வினாகிரி என்பதால் அமிலம் 20 கிராம். அதை மொத்தத் தண்ணீர் 850-இல் பங்கிட்டால் 2.3 சதவீதம் சொச்சம். இரண்டாவதில் வினாகிரி 130 மி.லி. மட்டும், அமிலம் ஆறரைக் கிராம். பங்கிட்டால் முக்கால் சதவீதம். அது வினாகிரிப் போத்தல் இல்லை, லேசாகப் புளித்த கோவாத் தண்ணி. மதுவமும் (ஈஸ்ட்) பக்டீரியாவும் அதில் வாழ முடியும். சீனி வேறு போட்டுக் கொடுத்திருந்தேன். வாயு வந்தது அதனால்தான். வெந்நீர் பட்டு இளகிய கோவா மேலே மிதந்தது. காற்றுப் பட்ட இடத்தில் வெள்ளை ஆடை படர்ந்தது.

அன்று அந்தப் போத்தலை எறிவதற்கு முன்னர், புளிப்பை அளக்கிற பி.எச். பட்டி ஒன்றை நனைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதில் எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். பின்னால் அதே அளவில் சிறிதாக ஒன்று போட்டு நனைத்துப் பார்த்தபோது நிறம் 4-ஐத் தாண்டி நின்றது. 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேலே, காற்றுப் போகாமல் மூடிய இடத்தில், பொட்டுலிசம் நோயைத் தரும் பக்டீரியா வளரலாம். நான் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் கோலம் போட்டிருக்கிறேன். வீட்டில் வினாகிரி ஊறுகாய் போடுவதற்கான அமெரிக்க விவசாயத் துறையின் வழிகாட்டி 5 சதவீத வினாகிரியைச் சொல்லிவிட்டு, விகிதத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்றவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

அம்மா சொன்னதில் பிழையில்லை, அது வேறு பொருளுக்குரிய சரி. எங்கள் மாங்காய் ஊறுகாயைக் காப்பது உப்பும் வெயிலும் எண்ணெயும். தண்ணீரை முதலில் விரட்டிவிட்டு, மிச்சத்தைப் பூட்டி வைப்போம். பிக்லீஸ் தண்ணீரை விரட்டுவதில்லை. இருக்கிற தண்ணீர் முழுவதையும் புளிப்பாக்கிவிடுகிறது. அதனால்தான் காய் பச்சைக்காய்போலவே மொறுமொறுக்கிறது. எண்ணெய் விட்டால் அது பிக்லீஸ் இல்லை, மேலே மிதக்கும் ஒரு குழப்பம்.

ஜனவரி நடுப்பகுதியில் மூன்று போத்தல் போட்டேன். மூன்றுக்கும் ஒரே சந்தைக் கோவா, ஒரே உள்ளி, நாலு மிளகாய் வீதம். 'அ' போத்தலில் 5 சதவீத வினாகிரி, பச்சையாக, ஒரு தேசிக்காய்ப் புளியோடு. 'ஆ' போத்தலில் கோவாவை உப்புப் போட்டு அரை மணித்தியாலம் பிசிறி வைத்து, பிழிந்துவிட்டு, அதே வினாகிரி. 'இ' போத்தலில் இங்கே ஊறுகாய்க்கென்றே விற்கிற 7 சதவீத வினாகிரி மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அது 5-ஐச் சற்றுத் தாண்டும். ஒரு நாள் மேசையில் வைத்துவிட்டு மூன்றையும் ஃப்ரிஜ்ஜுக்குள் தள்ளினேன்.

மிளகாய் அரியும்போது கையுறை போட்டேன். ஆனால் கையுறையைக் கழற்றிய கை எது, அதைத் தொட்ட கை எது என்று யோசிக்காமல் இரவு கண்ணுக்குள் இருந்த வில்லையை எடுக்கப் போனேன். ஸ்கொட்ச் பொனட் மிளகாயின் காரம் 1 இலட்சத்திலிருந்து 3.5 இலட்சம் ஸ்கோவில் அலகு வரை போகும், ஹலபேனோ 8 ஆயிரத்தோடு நின்றுவிடும். அந்த எண்களின் பொருளை இடது கண்ணால் படித்தேன். காரப் பொருள் வெறும் தண்ணீரில் இலகுவில் கரையாது. கையில் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போடவேண்டும். விதையில்தான் காரம் என்பதும் பொய், விதையைப் பிடித்திருக்கிற வெள்ளைச் சதையில்தான் அது குடியிருக்கிறது. குறைக்க விரும்புகிறவர்கள் அதைச் சுரண்டி எடுக்கலாம். மத்தாந்துக்குத் தெரியாமல்.

நாலாம் நாள் மூன்றிலும் உள்ளி பச்சையாயிற்று. ஐந்தாம் நாள் தின்று பார்த்தேன். முதல் நாள் எரித்த வினாகிரி அடங்கியிருந்தது. கோவாத் தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது, நான் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. ஊற்றிய அன்று நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொன்னதுதான் எல்லாப் பிழைக்கும் தாய். காரம் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போயிற்று, நாளுக்கு நாள் தண்ணிக்குள் இறங்கி ஏறியது. பட்டி 'அ'-விலும் 'இ'-யிலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் நின்றது. இரண்டுக்கும் சுவையில் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. ஆக, தண்ணீர் கலப்பது பாவமில்லை, கடைசிக் கணக்கு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 'ஆ' இன்னும் புளித்தது, பிழிந்ததில் தண்ணீர் குறைந்துவிட்டது அல்லவா. ஆனால் கோவா தோல்போல் இழுபட்டது. மூன்றாம் கிழமை முடிவிலும் 'அ' போத்தலின் கோவா கடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டது.

இப்போது நான் போடும் அளவு: அரிந்த கோவா 350 கிராம், பெரிய கரட் ஒன்று, குடமிளகாய் பாதி, சின்ன வெங்காயம் நாலைந்து, மிளகாய் நாலு, உள்ளி இரண்டு பல்லு, கராம்பு ஆறு, மிளகு பத்து, தைம் இரண்டு கிளை, உப்பு இரண்டு தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் சாறு. ஒரு லீற்றர் போத்தலில் அமுக்கினால் 5 சதவீத வினாகிரி 400 மி.லி. அல்லது சற்றுக் கூடப் பிடிக்கும். தலை நீட்டுகிற காயை அமுக்க, கோவாவின் வெளி இலை ஒன்றை வட்டமாக வெட்டி மேலே வைக்கிறேன், அது என் சொந்தச் சேர்க்கை. மூன்றாம் நாளிலிருந்து சாப்பிடலாம். எடுக்க எப்போதும் காய்ந்த, சுத்தமான முள்ளுக்கரண்டி. ஹெயிட்டியில் மேசையில் நிற்கும் என்றாலும் எங்கள் வீட்டில் அது ஃப்ரிஜ்ஜில்தான். குளிரில் கோவா இன்னும் நன்றாகக் கடிபடும் என்பதும் ஒரு காரணம்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மூன்று போத்தலையும் கீழே கொண்டுபோனேன். எது எதுவென்று சொல்லவில்லை. மத்தாந்த் பொரித்த வாழைக்காயைத் தட்டில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளுக்கரண்டி எடுத்தார். 'ஆ'-வைத் தள்ளிவைத்தார்.

"இது சலாட்."

'அ'-வையும் 'இ'-யையும் மாறி மாறித் தின்றார். பச்சை உள்ளி ஒன்றை எடுத்துக் கவலையே இல்லாமல் கடித்தார். அது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எறிந்த போத்தலின் கதையை அதற்கு முன்னரே கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருந்தார்.

"எத்தனை மிளகாய் போட்டாய்?"

"நாலு, மத்தாந்த்."

"ம். பிள்ளைகளுக்கு நல்லது."

'அ' போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போத்தல் என் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது, மூடியில் மட்டும் கராம்பு மணம் போகவில்லை. உள்ளே பேப்பர் துண்டில் சுற்றி எட்டு ஸ்கொட்ச் பொனட் மிளகாய்.